ஸ்லோவாக் சினிமாவில் யாருடைய படங்களைப் பார்க்கலாம்?

செக் புதிய அலைப் படங்களை, அதாவது அறுபதுகளில் செக்கோஸ்லோவாக்கிய இளம் இயக்குநர்கள் புது பாணியில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, ஸ்லோவாக் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் யுராய் யாகுபிஸ்கோ. இயக்கம், திரைக்கதை, ஓவியம் என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர். சில படங்களுக்குக் கேமராவும் அவரே.

1938-இல் கிழக்கு ஸ்லோவாக்கியாவின் கோய்ஷோவ் கிராமத்தில் பிறந்தார். பிராட்டிஸ்லாவாவில் புகைப்படக் கலை, அப்புறம் பிராகின் ஃபாமு கல்லூரியில் திரைப்படம். முதல் முழுநீளப் படம் 1967-இல் வந்தது. அடுத்த ஆண்டே 'ஓடிப்போனவர்களும் யாத்ரீகர்களும்': மூன்று போர்க் கதைகள், கடைசிக் கதை அணு ஆயுதப் போருக்குப் பிந்தைய உலகத்தில் நடக்கிறது.

அவருடைய உச்சம் என்று நான் நினைப்பது 1969-இல் எடுத்த 'பறவைகள், அனாதைகள், பைத்தியங்கள்'. பெற்றோரைப் போரில் இழந்த மூன்று பேர், இந்த உலகத்தில் தெளிந்த புத்தியோடு வாழ முடியாது என்று பைத்தியக்காரத்தனத்தையே வாழ்க்கைமுறையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆட்டமும் கூத்துமாகப் போகிற படம், முடிவில் கொலையில் போய் நிற்கும். சோவியத் டாங்குகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்து ஓராண்டு ஆகியிருந்த நேரம். படத்தைத் தடை செய்துவிட்டார்கள். அடுத்து ஆரம்பித்த 'நரகத்தில் சந்திப்போம், நண்பர்களே' 1970-இல் பாதியிலேயே நின்றுபோனது. கம்யூனிச ஆட்சி விழுந்த பிறகு, 1990-இல்தான் அதை முடித்தார். இடையில் எழுபதுகள் பெரும்பாலும் ஆவணப்படங்களிலேயே கழிந்தன. முப்பது வயதில் இப்படி ஒரு வேகத்தில் இருந்தவரை உட்கார வைத்தது பெரிய அநியாயம்.

1983-இல் 'ஆயிரமாண்டுத் தேனீ' வந்தது. பீட்டர் யாரோஷின் நாவலைத் தழுவியது. கொத்தனார் வேலையும் தேனீ வளர்ப்பும் செய்கிற வடக்கு ஸ்லோவாக்கியாவின் லிப்டோவ் பகுதிக் குடும்பம் ஒன்றின் கதை, முதல் உலகப் போர்வரை நீள்கிறது. குடும்பத்தலைவராக யோசெஃப் குரோனர். ஆஸ்கர் வாங்கிய 'கடைவீதியில் ஒரு கடை' படத்தில் தச்சராக வருவாரே, அவரேதான். பழைய முரட்டுத்தனம் இதில் கொஞ்சம் அடங்கியிருக்கும், ஆனால் கற்பனை அடங்கவில்லை.

1985-இல் எடுத்த 'பெரின்பாபா' பனிக்காலத் தேவதைக் கதை. இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினியின் மனைவி, நடிகை ஜூலியட்டா மசீனாதான் தலையணை உதறிப் பனி பெய்ய வைக்கும் மூதாட்டி. ஸ்லோவாக்கியாவில் கிறிஸ்துமஸ் என்றால் தொலைக்காட்சியில் இது இருக்கும். இதன் தொடர்ச்சிதான் அவருடைய கடைசிப் படம். 2023 பிப்ரவரியில் அவர் இறந்த பிறகு, அதே ஆண்டு இறுதியில் வெளியானது.

சரி, எதில் தொடங்குவது? 'தேனீ'யில் தொடங்குங்கள், அடுத்து 'பறவைகள்'. 2008-இல் வந்த, ஹங்கேரியப் பிரபுப் பெண் எலிசபெத் பாத்தோரியைப் பற்றிய 'பாத்தோரி'யை அவசரப்பட்டுத் தேட வேண்டாம். பணம் கொட்டி எடுத்த படம், உடைகளும் கோட்டைகளும் பிரமாதம், கதை மட்டும் இழுவை.