பீரோவுக்குள் இருக்கும் கேமரா

கேள்வி: எனக்கு 51 வயது. கல்லிடைக்குறிச்சியில் வீடு, வருவாய்த் துறையில் வேலை. 1995-இல் தரமணி திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படிக்க இடம் கிடைத்தது. அதே மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் போகவில்லை. என்னோடு விண்ணப்பித்த நண்பன் சென்னைக்குப் போனான். இன்று பெயர் சொல்லும்படி இருக்கிறான். போன வாரம் மகளின் லேப்டாப்பில் ‘சைட்வேஸ்’ என்ற ஆங்கிலப் படம் பார்த்தேன். அதில் வரும் மைல்ஸ் நான்தான். “படம் எப்படி?” என்று மனைவி கேட்டதற்கு, “என்னை மாதிரி வீணாய்ப் போனவன் கதை” என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் சரியாகப் பேசுவதில்லை. கல்யாணமான புதிதில் நான் பாபநாசத்தில் படம் எடுக்கப் போனால் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவாள். முதல் சம்பளத்தில் வாங்கிய யாஷிகா கேமரா இன்னும் பீரோவில் இருக்கிறது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனால் என்ன? மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்; வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

“உனக்கு என்ன குறைச்சல்? அரசாங்க வேலை, சொந்த வீடு” என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். கைக்கு வந்த இடத்தை 21 வயதில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விட்டுக்கொடுத்தவருக்கு வலி இருக்கத்தான் செய்யும். முப்பது வருஷம் அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறீர்கள். எங்கோ எடுத்த ஒரு படம் வந்து சொல்ல வைத்திருக்கிறது. சொன்ன சொல்தான் தப்பாகிவிட்டது.

வீணாய்ப் போன வாழ்க்கை என்றால், அந்த வாழ்க்கையில் உங்களோடு இருந்தவர் யார்? உங்கள் மனைவிக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்தீர்களா? படுக்கையில் கிடந்த மாமனாரை அவரும் பார்த்திருப்பார். அதையும் நீங்கள் வீண் கணக்கில் எழுதிவிட்டதாகத்தான் அவருக்குத் தோன்றும். ஓய்வு, சென்னை, கேமரா எல்லாம் அப்புறம். 1995-இல் என்ன நடந்தது, அன்றைக்கு மனதுக்குள் என்ன உடைந்தது என்பதை இன்று ராத்திரியே அவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். தெரிந்த கதைதானே என்று நினைக்காதீர்கள். இடம் கிடைத்த விவரம் அவருக்குத் தெரிந்திருக்கலாம். இத்தனை வருஷம் அது உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது தெரிந்திருக்காது.

இனி மைல்ஸ். அலெக்சாண்டர் பெய்ன் 2004-இல் இயக்கிய அந்தப் படம் எனக்கும் பிடித்தது. பள்ளி ஆசிரியர், மணமுறிவு ஆனவர், எழுதிய நாவலைப் பதிப்பகத்தார் வேண்டாம் என்கிறார்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரமே இருக்கும் நண்பனோடு கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றுகிறார். வழியில் அம்மாவின் பிறந்தநாளுக்கென்று அவர் வீட்டுக்குப் போகிறாரே, ஞாபகம் இருக்கிறதா? வாழ்த்துச் சொல்லிவிட்டு, மாடி அறையில் அந்த அம்மாள் ஒளித்து வைத்திருக்கும் பணத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார். மைல்ஸாக நடித்த பால் ஜியாமாட்டியின் முகம் அந்த இடத்தில் எனக்கு மிகவும் வலித்தது. நீங்கள் பெற்றவரிடம் எடுத்தவர் இல்லை, கொடுத்தவர். ‘மைல்ஸ் நான்தான்’ என்று எழுதியபோது இது உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உங்களுக்கும் அவருக்கும் ஒற்றுமை உண்டு. மைல்ஸ் 1961-ஆம் ஆண்டு திராட்சை மது ஒரு புட்டியை, பத்தாவது மணநாளுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருப்பார். மணமே முறிந்த பிறகும் திறக்க மனம் வராது. இப்போதே அது உச்சத்தில் இருக்கும், இன்னும் எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று, அவர் மனம் நாடும் பெண் மாயா கேட்பாள். கடைசியில் ஒரு சாதாரண உணவுக்கடையில் தன்னந்தனியாக உட்கார்ந்து, தூக்கியெறியும் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிடுவார். உங்கள் பீரோவில் இருக்கும் யாஷிகாவும் அந்தப் புட்டியைப் போலத்தான். உறைக்குள் இருட்டிலேயே கிடக்கும் லென்ஸில், நம் பக்கத்து ஈரக்காற்றுக்குப் பூஞ்சை நூல் நூலாகப் படரும். வெளிச்சமும் காற்றும் பட்டுப் புழங்கும் லென்ஸை அது அவ்வளவு எளிதில் பிடிக்காது. ஆரம்பத்தில் கழற்றித் துடைத்துவிடலாம். முற்றிவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். நாளைக்கே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

விருப்ப ஓய்வு வேண்டாம். 2021-இல் தமிழக அரசு ஓய்வு வயதை 60 ஆக்கியது. உங்களுக்கு இன்னும் ஒன்பது வருஷச் சம்பளம் இருக்கிறது. மகளின் படிப்பும் வீட்டுக் கடனும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

பணத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் பாபநாசம் அணை திறந்தால் கார் நெல் சாகுபடி. வடகிழக்குப் பருவமழையோடு பிசான நெல் சாகுபடி. தென்மேற்குப் பருவமழை ஏமாற்றி அணையில் தண்ணீர் ஏறாத வருஷம் கார் போய்விடும். போனது போனதுதான், அந்த நெல்லை இனி யாராலும் அறுக்க முடியாது. அதற்காகப் புரட்டாசியில் நாற்றங்காலில் இறங்காமல் யாரும் இருப்பதில்லை. பருவத்தைப் பார்த்து, அதற்கேற்ற விதையைத் தூவுகிறார்கள். சென்னையில் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, விளக்குத் தூக்கி, ஏழெட்டு வருஷம் காத்திருந்து மேலே வருவது காருக்கான விதை. உங்கள் கார் பருவத்தில் அன்று தண்ணீர் வரவில்லை. அதே விதையை இப்போது தூவத்தான் சென்னைக்குப் போகப் பார்க்கிறீர்கள்.

இந்தப் பருவத்துக்கு உங்களிடம் இருப்பது வேறு. வருவாய்த் துறையில் இருப்பவருக்குத் தெரிந்த ஊர், சென்னையிலிருந்து வந்து இறங்கும் எந்த ஒளிப்பதிவாளருக்கும் தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, தண்ணீர் எந்தத் தெருவில் எதுவரை நின்றது, யார் எதை இழந்தார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்த துறை உங்களுடையது. ஒரு வீட்டுச் சுவரில் இன்னும் அழியாத தண்ணீர்க் கோட்டைக் காட்டி, அந்த வீட்டுக்காரரைப் பத்து நிமிஷம் பேச விட்டாலே ஒரு படம். பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிற பெண்களின் விரல்கள், உங்கள் ஊரிலேயே அப்பளம் இடுகிற வீடுகள், ஜூனில் கால்வாயில் முதல் தண்ணீர் வரும் காலை நேரம். கையில் இருக்கும் செல்போன் போதும். வெட்டி ஒட்ட மகள் கற்றுத்தருவாள். காசு வாங்கிக்கொண்டு செய்வதானால் மட்டும், முதலில் அலுவலகத்தில் அனுமதி விவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நண்பருக்கும் ஒரு போன் செய்யுங்கள். வாய்ப்புக் கேட்க வேண்டாம், எடுத்ததை அனுப்பிக் குறை சொல்லச் சொல்லுங்கள். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவரின் கண் உங்களுக்கு வேண்டும்.

மைல்ஸின் நாவல் படம் முடியும்வரை அச்சேறவில்லை. மாயா மட்டும் படித்துவிட்டு, அது தன்னை எப்படித் தொட்டது என்று போனில் சொல்லி வைக்கிறாள். அவர் மழையில் கார் ஓட்டிப் போய், படியேறி அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். படம் அத்தோடு முடிகிறது.

கேமரா பீரோவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ட்ரைபாட் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கும். கேளுங்கள்.