திண்மங்களும் கைபேசித் திரையும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

கிளிநொச்சியில் நீண்ட காலமாகக் கணிதம் கற்பிக்கிறேன். திண்மங்களைக் கைபேசியில் காட்டிப் படிப்பிப்பது பற்றிப் பெற்றோரும் மாணவரும் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

ஒட்டுசுட்டான் தாய்: தரம் 7 படிக்கும் மகளுக்குத் தாளில் வரைந்த சதுரமுகி (ஆறு சதுர முகங்கள் கொண்ட கனவுரு) விளங்கவில்லை. கைபேசி உதவுமா?

உதவும் அம்மா. ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருளின் முப்பரிமாணச் செயலி இலவசம். விரலால் உருவைச் சுழற்றினால் மறைந்த விளிம்பு முன்னால் வரும். ஆனால் சுழற்றுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "மூன்று முகங்கள் தெரியும்போது எத்தனை உச்சிகள் மறைந்திருக்கும்?" என் வகுப்பில் பலர் நான்கு என்பார்கள். ஒன்றுதான். முதலில் ஊகித்த பிள்ளைக்குத்தான் திரை எதையாவது கற்பிக்கும்.

முல்லைத்தீவுத் தந்தை: எங்கள் பக்கம் சிக்னல் சரியில்லை.

சிக்னல் உள்ள இடத்தில் ஒருமுறை பதிவிறக்கிவிடுங்கள். பிறகு இணையம் இல்லாமலே இயங்கும்.

துணுக்காய் ஆசிரியை: வலையுருவை, அதாவது திண்மத்தை விரித்தால் வரும் தட்டை உருவை, எப்படித் தொடங்கலாம்?

வெறும் தேயிலைப் பெட்டியை வெட்டி விரிப்பதில் தொடங்குங்கள், சகோதரி. அடுத்து, ஆறு சதுரங்களை விளிம்போடு விளிம்பாக ஒட்டி வெவ்வேறு உருக்கள் அமைக்கச் சொல்லுங்கள். திருப்பியோ புரட்டியோ ஒத்துப்போவதை ஒன்றாகக் கொண்டால் மொத்தம் 35 உருக்கள் உண்டு. சதுரமுகியாக மடிபவை 11 மட்டுமே. எவை மடியும் என்று பிள்ளைகள் வாதாடட்டும். செயலியில் சதுரமுகி விரிந்து மூடுவதை அதன் பின்னர் காட்டுங்கள்.

வவுனியா மாணவி: கூம்பின் கனவளவில் மூன்றில் ஒன்று எங்கிருந்து வருகிறது?

நல்ல கேள்வி, மகள். புட்டு அவிக்கும் கூம்பு வடிவ நீத்துப்பெட்டியைப் பார்த்திருப்பாய். அதே வாயகலமும் உயரமும் கொண்ட உருளையை மட்டையில் செய்து, நீத்துப்பெட்டியால் நெல்லை அள்ளி நிரப்பு. ஏறக்குறைய மூன்று முறையில் நிரம்பும். இது மூன்று என்று காட்டுமே தவிர, ஏன் என்று சொல்லாது. காரணம் சதுரமுகிக்குள் இருக்கிறது. ஓர் உச்சியைத் தெரிவுசெய். அதைத் தொடாத முகங்கள் மூன்று. ஒவ்வொரு முகத்தையும் அடியாகவும் அந்த உச்சியை முனையாகவும் கொண்டு கூம்பகங்கள் அமைத்தால், ஒன்றையொன்று ஒத்த மூன்று கூம்பகங்கள் சதுரமுகியை இடைவெளியின்றி நிரப்பும். தாளில் இதை வரைந்து விளங்கவைக்க நான் பல ஆண்டுகள் பாடுபட்டேன். திரையில் மூன்றுக்கும் மூன்று நிறம் கொடுத்துச் சுழற்றியபோது வகுப்பே "ஓ" என்றது. அடிப்பரப்பும் உயரமும் சமமானால், எந்த மட்டத்தில் வெட்டினாலும் கூம்பின் வெட்டுமுகமும் கூம்பகத்தின் வெட்டுமுகமும் பரப்பளவில் சமம். அதனால் இரண்டின் கனவளவும் சமம்; கூம்புக்கும் அதே மூன்றில் ஒன்று.

பூநகரித் தந்தை: மகன் உருவைச் சுழற்றி விளையாடுகிறான், படிப்பதாகத் தெரியவில்லை.

அவனிடம் ஒரு வேலை கொடுங்கள். சதுரமுகியின் மேல்முகத்தில், ஒரு மூலையில் சந்திக்கும் இரண்டு விளிம்புகளின் நடுப்புள்ளிகளைக் குறிக்கட்டும். அவற்றுள் ஒரு விளிம்பின் மறுமுனையிலிருந்து கீழே இறங்கும் விளிம்பின் நடுப்புள்ளி மூன்றாவது. மூன்றினூடாகவும் தளம் வெட்டினால் என்ன உரு வரும் என்று முதலில் கொப்பியில் வரையச் சொல்லுங்கள். பிறகு குளத்துக் களிமண்ணில் சதுரமுகி பிடித்து, தங்கூசி நூலால் அதே புள்ளிகளினூடாக வெட்டட்டும். கடைசியில் செயலியைத் திறக்கட்டும்: ஒழுங்கான அறுகோணம்.