உம்முன்னு உக்காந்த பாதிரிங்களும் நியூஹேவன் மீன்காரம்மாங்களும்

அன்புள்ள அண்ணா,

நான் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரில படிச்சவன். எங்க காலேஜ ஆரம்பிச்ச ஸ்காட்லாந்து மிஷனரிங்கள பத்தி தேடிட்டு இருந்தப்போ 1840கள்ல எடின்பரோல எடுத்த பழைய போட்டோ ஏகப்பட்டது கண்ணுல பட்டுச்சு. ஹில், ஆடம்சன்னு ரெண்டு பேர் எடுத்ததாம். பாதிரி, எம்.பி., நீதிபதின்னு பெரிய மனுஷங்க பூராம் உம்முன்னு உக்காந்திருக்காங்க, நடுவுல திடீர்னு நியூஹேவன்ங்கற ஊர் மீன்காரம்மாங்க. அவங்க படம் மட்டும் மனச என்னமோ பண்ணுது. ரெண்டையும் எடுத்தது ஒரே ஆளுங்கதானா? ஏன் ஒருத்தர் கூட சிரிக்கல? நம்ம ஊர்ல வெள்ளைக்காரன் சாதிவாரியா ஜனங்கள நிக்க வச்சு படம் புடிச்சானே, இதுவும் அந்த கதைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ். தம்பி,

ஒரே ஆளுங்கதான். மூணாவது கேள்விதான் கஷ்டமான கேள்வி, அதுக்கு கடைசில வரேன், முதல்ல இந்த படமெல்லாம் எதுக்கு எடுத்தாங்கன்னு சொல்லிடறேன்.

1843 மே 18, எடின்பரோ ஜார்ஜ் ஸ்ட்ரீட்ல இருக்கற செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச்ல ஸ்காட்லாந்து திருச்சபையோட பொதுச்சபை கூடுது. ஒரு ஊருக்கு எந்த பாதிரி வரணும்னு முடிவு பண்றது அந்த ஊர் நிலச்சுவான்தாரா, சபை ஜனங்களான்னு பல வருஷமா சண்டை, கோர்ட்டும் லண்டன் சர்க்காரும் நிலச்சுவான்தார் பக்கம் நின்னுடுச்சு. அன்னிக்கு தலைமைல இருந்த டேவிட் வெல்ஷ் ஒரு கண்டன அறிக்கைய வாசிச்சு மேஜைல வச்சுட்டு எந்திரிச்சு வெளிய நடந்துட்டார், கூடவே அந்த அணிக்கு தலைவரான தாமஸ் சால்மர்ஸ், பின்னாடி வரிசையா பாதிரிங்க. நடந்தே கேனன்மில்ஸ் போய் டான்ஃபீல்ட் ஹால்ல ஃப்ரீ சர்ச்னு தனி சபை ஆரம்பிச்சாங்க. 474 பேர் விலகறோம்னு கையெழுத்து போட்டாங்க. போட்டா சம்பளம் போச்சு, சபை குடுத்த வீடும் போச்சு. உங்க காலேஜும் இங்கதான் வந்து சேருது, 1837ல மெட்ராஸ்ல பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச ஜான் ஆண்டர்சன் 1843லயே ஃப்ரீ சர்ச் பக்கம் போய்ட்டார், அந்த பள்ளிக்கூடம்தான் பின்னாடி கிறிஸ்தவக் கல்லூரி ஆச்சு.

டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லுக்கு இந்த வெளிநடப்பு தலைக்கேறிடுச்சு. மனுஷன் இயற்கைக்காட்சி வரையற ஓவியர். சம்பந்தப்பட்ட அத்தன முகத்தையும் வச்சு பெரிய ஓவியம் ஒண்ணு வரையறேன்னு கிளம்பிட்டார். ஊர் ஊரா கலைஞ்சு போகப்போற நூத்துக்கணக்கான பேர எங்க உக்கார வச்சு வரையறது? டேவிட் ப்ரூஸ்டர்னு ஒரு விஞ்ஞானி, நாம சின்ன வயசுல வச்சு விளையாடின கலைடாஸ்கோப்ப கண்டுபிடிச்சவர், அவர்தான் கேலோடைப்ங்கற காகித போட்டோ முறைல முகத்த புடிச்சுக்கோன்னு சொல்லி ராபர்ட் ஆடம்சன்ங்கற 22 வயசு பையன கோத்து விட்டார். இந்த முறைய கண்டுபிடிச்ச டால்பட் அதுக்கு இங்கிலாந்துல பேட்டன்ட் வாங்கி வச்சிருந்தார், ஸ்காட்லாந்துல வாங்கல, அதனால காசு கட்டாம செய்யலாம். கால்டன் ஹில்ல ராக் ஹவுஸ்ங்கற வீட்ல ஆடம்சன் கடைய போட்டார்.

சிரிப்பு விஷயம் ரொம்ப சிம்பிள். கேலோடைப்னா நல்ல எழுதற காகிதத்துல வெள்ளி உப்பு தடவி அதையே நெகட்டிவா வச்சு எடுக்கறது. வெயில பொறுத்து ஒரு நிமிஷம், சமயத்துல அதுக்கும் மேல ஆடாம இருக்கணும், அவ்ளோ நேரம் பல்ல காட்டிட்டு இருந்து பாருங்க தெரியும். அந்த படங்கள்ல மேஜை, திரைச்சீலை, புத்தகம்னு வீட்டுக்குள்ள உக்காந்த மாதிரி தெரியுதே, எல்லாம் வெளிய திறந்த வெளில கொண்டாந்து போட்ட செட்டு. கை புத்தகத்து மேல இருக்கறது அறிவாளின்னு காட்ட மட்டும் இல்ல, கை ஆடக்கூடாதுன்னும்தான். காகித நார் வழியா அச்சு இறங்கறதால நுணுக்கமெல்லாம் மங்கிடும், கருப்பும் வெளிச்சமும் பெரிய பெரிய திட்டா நிக்கும். அந்த குறையிலதான் இதோட உயிரே இருக்குன்னு ஹில்லே ஒரு லெட்டர்ல எழுதியிருக்கார், நானும் அந்த கட்சிதான்.

பெரிய மனுஷங்க லிஸ்ட் நீளம். பெர்த் எம்.பி. ஃபாக்ஸ் மால், நீதிபதி காக்பர்ன், சால்மர்ஸ். எனக்கு பிடிச்சது ஹியூ மில்லர்தான். இளவயசுல கல் கொத்தினவர், அப்புறம் பாறை, புதைபடிவம்னு ஆராய்ச்சி பண்ணி பேர் வாங்கினவர், 1843ல 'விட்னஸ்'ங்கற பத்திரிகைக்கு ஆசிரியர். ஆனா போட்டோல சட்டைக்கைய மடிச்சு விட்டுட்டு கொட்டாப்புளியோட கல்லறைக் கல்லு பக்கத்துல நிக்கறார். தொழில விட்டு எத்தன வருஷம் ஆச்சு! உழைச்சு வந்தவன்னு காட்டணும்னு போட்ட வேஷம் அது, ஆனா கை பொய் சொல்லல, கல்லு கொத்தின கைதான்.

இப்ப நியூஹேவன். எடின்பரோவோட துறைமுகமான லீத் பக்கத்துல இருந்த மீனவ கிராமம். ஆம்பளைங்க கடலுக்கு போவாங்க, பொம்பளைங்க மீன் கூடைய முதுகுல தூக்கிட்டு மேடேறி எடின்பரோ தெருத்தெருவா கூவி வித்துட்டு வருவாங்க. எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால்னு ஒரு அம்மா படம் இருக்கு பாருங்க, கோடு போட்ட பாவாடை, பிரம்புக் கூடை, கேமராவ பாக்காம பார்வைய கீழ தாழ்த்தி நிக்கறாங்க. பாதிரிங்க உங்கள பாத்து பிரசங்கம் பண்ண தயாரா உக்காந்திருக்காங்க, இந்தம்மா உங்கள கண்டுக்கவே இல்ல. மனச என்னமோ பண்ணுதுன்னீங்களே, அதுக்கு பாதி காரணம் இதுதான்னு நினைக்கறேன். ஜேம்ஸ் ஃபேர்பெர்ன்ங்கற பாதிரி புத்தகத்த வச்சு வாசிக்கற மாதிரியும் மீன்காரம்மாங்க சுத்தி இருந்து கேக்கற மாதிரியும் ஒரு படம் இருக்கு, ரெண்டு உலகமும் ஒரே ஃப்ரேம்ல, அதையும் தேடி பாருங்க.

சரி, நம்ம ஊர் கதையா இதுவும்னு கேட்டீங்களே. முழுசா இல்ல. 1860கள்ல இருந்து இங்க எடுத்தது சர்க்கார் தேவைக்கு சாதி, குலம்னு வகை பிரிச்சு அட்டவணை போட. நியூஹேவன்ல அந்த நோக்கம் இல்ல, நிக்கற விதம், வெளிச்சம், மரியாதை எல்லாம் பாதிரிக்கு என்னவோ அதேதான் மீன்காரம்மாவுக்கும். ஆனா ஓவியத்துல இருக்கறவங்களுக்கு இன்னார் இன்னார்னு பேர் போட்டு குறிப்பே உண்டு, மீன்காரம்மாங்கள்ல சில பேருக்கு பேர் தெரியும், பல பேர் இன்னிக்கும் வெறும் 'நியூஹேவன் மீன்காரி'தான். எடின்பரோ பழைய டவுன்ல நாத்தம் புடிச்ச சந்துகள்ல ஜனம் நெருக்கியடிச்சு கிடந்துச்சு, அங்க கேமராவ தூக்கிட்டு போகல, உடுப்பும் கௌரவமுமா இருந்த, வேடிக்கை பாக்கவே ஆளுங்க போற கிராமத்துக்குதான் போனாங்க.

அந்த ஓவியமா? முடிக்க 23 வருஷம் ஆச்சு, 1866ல. பதினோரு அடிக்கு மேல நீளம், 457 பேர், அன்னிக்கு அங்க இல்லாதவங்களையும் சேத்து. முகமெல்லாம் தட்டுல அடுக்கின இட்லி மாதிரி வரிசையா இருக்கு, உயிர் இல்ல. ஆடம்சன் 1848 ஜனவரிலயே 26 வயசுல செத்துட்டான். அஞ்சு வருஷம் கூட முழுசா ஓடல அந்த கூட்டணி, அதுக்குள்ள ஆயிரக்கணக்குல படம், ஓவியத்துக்கு குறிப்பா எடுக்க ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு நாம பேசிட்டு இருக்கறது.

உங்க கேள்விக்கு சரியான சாட்சி பீட்டர் ஜோன்ஸ்தான். கனடாவோட ஓஜிப்வே பூர்வகுடி, மெதடிஸ்ட் பாதிரி, நிதி திரட்ட வந்தவர 1845 ஆகஸ்ட்ல இவங்க எடுத்தாங்க. கோட்டு சூட்டு போட்டும் எடுத்தாங்க, பூர்வகுடி உடுப்புலயும் எடுத்தாங்க. கூட்டம் வர்றதே அந்த உடுப்ப பாக்கத்தான், அத போட்டுக்கறது அவருக்கு பிடிக்கவே இல்ல, பொண்டாட்டிக்கு லெட்டர்ல திட்டி எழுதியிருக்கார். இன்னிக்கும் எல்லாரும் எடுத்து போடறது அந்த உடுப்பு படத்ததான், பாதிரியா உக்காந்திருக்கற படத்த தேடித்தான் பாக்கணும்.