நினைவு மலரில் ஒரு வரி

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 58. தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். என் மாமியார், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், போன வருடம் ஐப்பசியில் 94 வயதில் காலமானார். மூன்று மகன்கள், ஒரு மகள், பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் வரை பார்த்துவிட்டுப் போன மகராசி. ஊரே கல்யாணச் சாவு என்றது. மேளம் வைத்து, பேரன்கள் நெய்ப்பந்தம் பிடித்து, ஒருவரும் குறை சொல்ல முடியாதபடி அனுப்பிவைத்தோம்.

குறை அதற்குப் பிறகுதான் வந்தது. கருமாதியன்று ஒரு நினைவு மலர் வெளியிட்டார்கள். சென்னையில் இருக்கும் கொழுந்தனார் அச்சடித்தது. வழவழப்பான தாளில் நாற்பது பக்கம். அத்தை ரங்கூனில் பிறந்தது, 1942இல் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பன்னிரண்டு வயதில் நடந்தே வந்தது, மாமா போன பிறகு ஒற்றை ஆளாய் நிலத்தைக் கட்டிக் காத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தது, எல்லாம் இருக்கிறது. அத்தை வைக்கும் வெண்டைக்காய் மண்டியைப் பற்றி மூத்த ஓரகத்தி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். இந்த வீட்டில் தொடர்ந்தாற்போல் பத்து நாள் தங்காதவர் அவர். என் வீட்டுக்காரர் நடு மகன். கடைசி மூன்று வருடம் அத்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி, சேலை மாற்றியவள் நான். கடைசிப் பக்கத்தில் ‘கவனித்துக்கொண்ட குடும்பத்தினர் அனைவருக்கும் நன்றி’ என்று ஒரு வரி. அனைவருக்கும்!

மறதி நோய் முற்றிய பிறகு நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? காலையில் விபூதித் தட்டை நீட்டினால் நெற்றிக்கு இடமாட்டார். தண்ணீர் தொட்டுக் குழைத்து இரண்டு கன்னத்திலும் வட்டமாக அப்பிக்கொள்வார். தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டால் வாசலையே பார்த்து, “தம்பி பின்னால் வருகிறானா?” என்று ஆரம்பித்துவிடுவார். எங்களுக்குத் தெரிந்து அத்தைக்குத் தம்பியே கிடையாது. நடுநடுவே ஒருவருக்கும் புரியாத பர்மா பாஷை வேறு. இதெல்லாம் மலரில் ஏது? மண்டி இருக்கிறது.

எனக்கென்று அத்தை சொல்லிவைத்திருந்த ஏழுகல் தோடும் மூத்த ஓரகத்தி கைக்குப் போய்விட்டது. நாத்தனார் ஒருத்திதான் பரவாயில்லை என்று நினைத்திருந்தேன். அவளும் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, “அம்மா கடைசியில் என்னென்ன பேசினார், ஏதாவது சொல்லுங்கள் அண்ணி” என்று போனில் நச்சரிக்கிறாள். உயிரோடு இருக்கும்போது வந்து கேட்டிருக்க வேண்டியதுதானே? இப்போதெல்லாம் நான் எடுப்பதில்லை.

மலரின் அட்டையில் உள்ள படம்தான் எங்கள் கூடத்திலும் மாட்டியிருக்கிறது. 1989இல் என் கல்யாணத்தின்போது எடுத்தது. பார்த்தால் யாரோ போல் இருக்கிறது. கண்ணை மூடினால் வாய் பிளந்து கட்டிலில் கிடந்த முகம்தான் வருகிறது. முப்பது வருடத்துக்கு மேல் பார்த்த முகம் வரமாட்டேன் என்கிறது. அது கிடக்கட்டும். தலைத்திவசத்தைச் சென்னையில் பெரிய மச்சான் வீட்டில் வைத்து, இன்னொரு மலரும் போடப்போகிறார்களாம். நடந்ததை நடந்தபடி எழுதித் திருத்தம் போடச் சொல்லட்டுமா, அல்லது போகாமலே இருந்துவிடட்டுமா? எனக்குப் பெயர் வேண்டும் என்பதில்லை. ஆனாலும் ஒரு வரி போட்டிருக்கலாம்.

ஒரு மருமகள்

அன்புள்ள சகோதரிக்கு,

மலருக்கும் மண்டிக்கும் இவ்வளவு இடம் கொடுத்த நீங்கள், அத்தையின் பழைய முகம் வரவில்லை என்பதை மட்டும் ‘அது கிடக்கட்டும்’ என்று தள்ளிவிட்டுப் போகிறீர்கள். கிடக்கக் கூடாது. உங்களைக் கடிதம் எழுத உட்காரவைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த நாற்பது பக்கத்திலும் அத்தை நடமாடுகிறார், அடுப்படியில் நிற்கிறார், நிலத்துக்கு ஆள் விடுகிறார். அந்த அத்தை ஓரகத்தியிடம் பத்திரமாக இருக்கிறார், கொழுந்தனாரிடம் இருக்கிறார். ராப்பகலாகக் கூட இருந்த உங்களிடம்தான் இல்லை. ஒரு வரி நன்றியைவிட இது அதிகமாகச் சுடும். பாடுபட்டவளுக்குக் கட்டில், எட்டிப் பார்க்காதவர்களுக்கு முகமா என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் இது உங்களுக்கு மட்டும் வந்த கேடு அல்ல. நோயாளியைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட பலர் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். நினைவு வருடக் கணக்குப் பார்ப்பதில்லை. உளவியலறிஞர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 14 டிகிரி குளிர்நீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை அதே ஒரு நிமிடம், கூடவே இன்னும் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் மட்டும் நீரின் சூட்டை மெல்ல ஒரு டிகிரி ஏற்றினார்கள். மறுபடியும் எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலானோர் கூடுதல் நேரம் வலித்ததையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். ஒன்றரை நிமிடத்தையே முடிவு இப்படி மாற்றிக் காட்டுமென்றால், கடைசி மூன்று வருடம் அதற்கு முந்தைய முப்பதை மறைப்பதில் ஆச்சரியம் இல்லை. மறைந்திருக்கிறது, அழியவில்லை. போதாக்குறைக்கு ஊர் மேளம் கொட்டிவிட்டது. 94 வயதுக்காரருக்காக உட்கார்ந்து அழ நம் பக்கத்தில் யாரும் இடம் கொடுப்பதில்லை.

இனி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. மலரில் எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. பத்து நாள் தங்கியவருக்கும் அந்தப் பத்து நாள் அத்தை சொந்தம். எவ்வளவு உழைத்தோமோ அவ்வளவுதான் நினைத்துக்கொள்ள உரிமை என்று வைத்தால், பெற்ற மகளுக்கே பங்கு இருக்காது. நாத்தனாரின் போனை எடுக்காமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தாயின் கடைசி நாட்களைக் கேட்டு அவர் வந்து நிற்கிறார். அவரிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறது. நீங்கள் தேடுகிற முகம் அவரிடம் இருக்கிறது. வராமல் இருந்ததற்குத் தண்டனை என்று நினைத்துப் போனை எடுக்க மறுக்கிறீர்கள். அதில் பாதி உங்கள் தலையில்தான் விழுகிறது.

விபூதிக்கு வருகிறேன். பர்மாவில் தனக்கா என்று ஒரு மரம். அதன் பட்டையைத் தண்ணீர் விட்டுக் கல்லில் இழைத்து, அந்தக் குழம்பைப் பெண்கள் கன்னத்தில் வட்டமாகப் பூசிக்கொள்வார்கள். காய்ந்ததும் வெளிறிய சந்தன நிறத்தில் நிற்கும். சிறு பெண்களுக்கும் அது அன்றாட அலங்காரம். மறதி நோய் பிந்திச் சேர்ந்தவற்றைத்தான் முதலில் கொண்டுபோகும். சிறுவயதில் பதிந்தவை நெடுநாள் தாக்குப்பிடிக்கும். உங்கள் அத்தை கன்னத்தில் அப்பிக்கொண்டது விபூதி என்றே அவருக்குத் தெரிந்திருக்காது என்பது என் ஊகம். ரங்கூனில் ஒரு பெண் பிள்ளை காலையில் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பி விஷயம் கனமானது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. கப்பலில் இடம் கிடைக்காத இந்தியர்கள் லட்சக்கணக்கில் நடந்தார்கள். புரோம் வழியாக அரக்கான் மலையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனவர்கள் ஒரு பகுதி; வடக்கே தமு வழியாக மணிப்பூருக்குள் வந்தவர்கள் இன்னொரு பகுதி. காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே விழுந்தார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் கூட்டத்தில் பிரிந்துபோனதுண்டு. அத்தைக்குத் தம்பி கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் வந்து சேர்ந்தபோது இல்லை, புறப்பட்டபோது? சாயங்காலம் பதற்றம் கூடுவது இந்த நோயில் வழக்கம்தான். ஆனால் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை.

பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் நடந்து வந்து சேர்ந்துவிட்ட அம்மாவை. நடந்துகொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பெண்ணை இந்தக் குடும்பத்தில் பார்த்தது நீங்கள் ஒருவர்தான். அவளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறீர்கள். அதைப் பாடு என்ற தலைப்பில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே முதலில் நாத்தனாரைக் கூப்பிடுங்கள். தம்பி என்று யாராவது உண்டா, அவருடைய பாட்டி எப்போதாவது வாய்விட்டுச் சொன்னதுண்டா என்று கேளுங்கள். பதிலுக்கு நீங்கள் கேட்டதைச் சொல்லுங்கள். கூடத்துப் படம் உதவாது. கல்யாணத்தில் நிறுத்திவைத்து எடுத்த படத்தில் யாரும் யாரோ போலத்தான் இருப்பார்கள். நெல் புடைத்தபடியோ பேரனை அதட்டியபடியோ அத்தை இருக்கும் படம் ஏதாவது அவர் ஆல்பத்தில் கிடைக்கும். பழைய முகம் ஒரே நாளில் திரும்பாது; பேச்சுவாக்கில் வரும். கட்டில் முகம் தூக்கத்தையே கெடுக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சென்னைக்குப் போங்கள். மலரில் திருத்தம் கேட்க வேண்டாம், ஒரு பக்கம் கேளுங்கள். குளிப்பாட்டியதில் தொடங்காமல் கன்னத்து விபூதியையும், விளக்கு வைத்ததும் வந்த கேள்வியையும் எழுதுங்கள். பக்கத்தில் இருந்தது யார் என்று படிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிராது.

ஏழுகல் தோட்டை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு கணக்கு. அத்தை உங்களுக்கென்று சொன்னது உண்மையானால் உங்கள் கணவர் தம் அண்ணனிடம் கேட்கட்டும். இவ்வளவு நீண்ட கடிதத்தில் அவர் ஓரிடத்தில்கூட வாய் திறக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.