பேஸ்ட்ரி கட்டர்: கம்பி வைத்ததா, தகடு வைத்ததா?

பை (pie), டார்ட், ஸ்கோன் போன்ற ஓவன் பண்டங்கள் செய்ய மைதாவில் வெண்ணெயைக் கொத்திச் சேர்க்கும் கைக் கருவிதான் பேஸ்ட்ரி கட்டர். கம்பி வைத்தது, தகடு வைத்தது என இரண்டும் கிடைக்கும்; தகடு வைத்ததையே வாங்குங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கெட்டி வெண்ணெயில் மெல்லிய கம்பிகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்டீல் தகடுகள் கைப்பிடியில் ஆடாமல் இருக்க வேண்டும். கடையிலேயே அசைத்துப் பாருங்கள்.

பை மாவுக்கான அளவு: 250 கிராம் மைதாவுக்கு 125 கிராம் வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு. வெண்ணெயை ஒரு செ.மீ. துண்டுகளாக்கி 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். அடி உருண்ட பாத்திரம்தான் சரி. தட்டை அடியென்றால் ஓரத்து மாவு தப்பிவிடும். கட்டரை அழுத்தி, பாத்திரத்தின் வளைவோடு உருட்டி எடுங்கள். கிளறக் கூடாது. நாலைந்து அழுத்தலுக்கு ஒருமுறை தகடுகளுக்கு இடையே அடைந்த வெண்ணெயைக் கத்தியால் வழித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ‘கட்டர் வெட்டவே மாட்டேங்குது’ என்று புலம்புபவர்கள்தான் அதிகம்.

பட்டாணி அளவுத் துண்டுகள் தெரியும்போதே நிறுத்துங்கள். அவற்றிலுள்ள நீர் ஓவனில் ஆவியாவதால்தான் அடுக்கு பிரிகிறது. ரவை பதத்துக்குப் பொடிந்துவிட்டால் அடுக்கு வராது, உதிரும். டார்ட்டுக்கு அது பரவாயில்லை. மாவு மஞ்சளாகிப் பிசுபிசுத்தால் வெண்ணெய் இளகுகிறது: பாத்திரத்தோடு 10 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெயில் காலத்தில் மைதாவையும் கட்டரையும் முன்கூட்டியே குளிரவைத்துவிடலாம்.

பிறகு ஐஸ் தண்ணீர், 4 முதல் 5 டேபிள்ஸ்பூன். அதைக் கலக்க முள்கரண்டி போதும். கட்டராலேயே தேய்த்துக்கொண்டிருந்தால் மாவு இழுவையாகி, பை கடிக்கக் கஷ்டமாக வரும்.