185,000 பெரிதா, 150,000 பெரிதா? பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு என்று கேட்டீர்களா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் 150,000 ரூபாய்க்கு ஒரு வேலை, கொழும்பில் 185,000 ரூபாய்க்கு ஒரு வேலை. இரண்டு இடத்திலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. மாதம் 35,000 கூட என்பதால் கொழும்புக்கே போகலாம்தானே?

"போகலாம்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள், அப்படியென்றால் பாதி முடிவு எடுத்தாயிற்று என்று நினைக்கிறேன். வீட்டிலும் கூடிய தொகையைச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். 2014இல் எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது, அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா போக மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் எச்.என்.டி.ஏ (கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா) முடித்த கையோடு எனக்கு இரண்டு வேலை கிடைத்தது. இரண்டும் கணக்குப் பிரிவில்தான். இங்கே 34,000, கொழும்பில் 45,000. ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் கொழும்புக்கு ஓம் சொன்னேன். நியமனக் கடிதத்தில் பேசிக் 18,000 என்றும், மிச்சம் 27,000 பயணப்படி, ஊக்கத்தொகை என்றும் பிரித்துப் போட்டிருந்தார்கள். இங்கே தருவதாகச் சொன்ன 34,000 முழுக்கப் பேசிக். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஆனால் அடியில் இருந்த கூட்டுத்தொகையை மட்டும்தான் பார்த்தேன்.

இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். ஈ.பி.எஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதிக்கு நம்முடைய சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டுவார்கள், முதலாளி தன் கையிலிருந்து 12 சதவீதம் போட வேண்டும். ஈ.டி.எஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 சதவீதம், அது முழுக்க முதலாளியின் காசு. ஆக 15 சதவீதம் நம் சம்பளத்துக்கு மேலே நம் பெயரில் விழுகிறது. பேசிக்கோடு வாழ்க்கைச் செலவுப் படியையும் சேர்த்துத்தான் இதைக் கணக்கிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனால்தான் பல கொம்பனிகள் அந்தப் பெயரே வராமல் பயணம், ஊக்கம் என்று வேறு பெயர் வைத்துக் கொடுக்கிறார்கள். எனக்கு 18,000க்கு மாதம் 2,700 விழுந்தது. இங்கே இருந்திருந்தால் 34,000க்கு 5,100 விழுந்திருக்கும். மாதம் 2,400 வித்தியாசம், வருடத்துக்கு 28,800.

கையில் கொழும்பில்தானே கூட வந்தது என்பீர்கள். வந்தது, வெட்டுப் போக 43,560. இங்கே என்றால் 31,280. பன்னிரண்டாயிரம் சொச்சம் கூட. ஆனால் வெள்ளவத்தையில் இரண்டு பேரோடு பகிர்ந்த அறைக்கு என் பங்கு 8,000, சாப்பாடு எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பத்தாயிரத்துக்குக் குறையவில்லை, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போக பஸ் காசு. நான் சேர்ந்தபோது யாழ்ப்பாணத்துக்கு ரயில்கூட இல்லை, அந்த வருடம் ஒக்ரோபரில்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. இருபதாயிரம் அங்கேயே போய்விட, வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய வேலையை விட மாதாமாதம் குறைவாகத்தான் மிச்சம் பிடித்தேன். இதை நான் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது, ஏனென்றால் சம்பளத் தொகை பெரிதாக இருந்தது.

அப்புறம் மருத்துவக் காப்புறுதி. இங்கே கல்யாணம் ஆகாதவர்களுக்கு அம்மா அப்பாவையும் சேர்த்துக் காப்புறுதி இருந்தது, நேர்முகத் தேர்விலேயே சொன்னார்கள். இருபத்து மூன்று வயதில் அது என் காதில் ஏறவில்லை. 2017இல் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அரச ஆஸ்பத்திரியில் இலவசம்தான், ஆனால் அந்த நோவோடு அவவால் திகதிக்குக் காத்திருக்க ஏலவில்லை. தனியாரில் செய்தோம், 160,000 ரூபாய். என்னிடம் இருந்தது அதில் பாதி. மிச்சத்துக்கு அம்மாவின் காப்பு அடைவுக்குப் போனது. நானே கொண்டுபோய் வைத்தேன், மீட்க ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

பணிக்கொடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதுதான் இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்துவிட்டு விலகினால், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதத் தொகை கிடைக்கும். நான் 2014 ஜனவரியில் சேர்ந்தேன். 2018 நவம்பரில் இன்னொரு இடத்தில் 8,000 கூடத் தருவதாகச் சொன்னார்கள், உடனே கடிதம் கொடுத்துவிட்டு விலகிவிட்டேன். நான்கு வருடம் பத்து மாதம். அப்போது என் பேசிக் 26,000. இன்னும் இரண்டு மாதம் இருந்திருந்தால் 13,000 படி ஐந்து வருடத்துக்கு 65,000 கிடைத்திருக்கும். கூட்டித் தந்த 8,000இல் அந்தக் காசைப் பிடிக்க எட்டு மாதத்துக்கு மேல் வேலை செய்தேன். விலகும்போது கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர்கூட "தம்பி, இரண்டு மாதம் பொறு" என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். நான் எத்தனை பேருடைய சம்பளச் சிட்டையை அடித்துக் கொடுத்தேன்.

இங்கே நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள். நம் ஆட்களுக்கு ஒருவனின் வேலையைப் பற்றிக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் தெரியும், சம்பளம் எவ்வளவு. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த கனடாப் பெரியப்பா வீதியில் நின்றபடியே கேட்டு, அங்கேயே டொலருக்கு மாற்றிப் பார்த்து, "இவ்வளவுதானோ" என்றார். பக்கத்தில் அப்பா நின்றார். முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி எங்கள் மூன்று பேரையும் படிப்பித்த மனிதர் அவர். ஊரில் நின்று உழைக்கிறவன் ஏலாதவன் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நானும் கொழும்புக்குப் போனதற்கு அதுதான் பாதிக் காரணம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கொழும்புக் கடிதத்தில் பேசிக் 90,000 என்று வைத்துக்கொள்வோம், மிச்சம் படிகள். யாழ்ப்பாணத்தில் 150,000ம் பேசிக் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி போடும் 15 சதவீதம் கொழும்பில் 13,500, இங்கே 22,500. உங்கள் 35,000இல் 9,000 அங்கேயே போய்விட்டது. அடுத்தது வரி. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 வரைக்கும் வரி இல்லை, அதற்கு மேலே முதலில் 6 சதவீதம். 185,000க்கு மாதம் 2,100 வெட்டுவார்கள். படிகள் ஈ.பி.எஃப் கணக்கில் வராவிட்டாலும் வரிக் கணக்கில் வரும், இதைக் கவனியுங்கள். மிச்சம் 23,900. இன்றைய விலையில் கொழும்பில் ஒரு அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் அந்தக் காசுக்குள் அடங்குமா என்று அங்கே இருக்கிற ஒரு நண்பரைக் கேளுங்கள்.

லீவையும் கேளுங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறை, 7 நாள் தற்செயல் விடுமுறை. ஆனால் சேர்ந்த வருடத்தில் வருடாந்த விடுமுறை கிடையாது, ஒக்ரோபரிலோ அதற்குப் பிறகோ சேர்ந்தால் அடுத்த வருடத்துக்கும் 4 நாள்தான். கொழும்பிலிருந்து ஊருக்கு வந்து போவதென்றால் ஒவ்வொரு நாளும் பெரிது. நல்லூர்த் தேருக்கு நான் ஐந்து வருடத்தில் இரண்டு முறைதான் வந்தேன்.

சிலர் கீழே வந்து எழுதுவார்கள், ஈ.பி.எஃப் எல்லாம் கண்ணால் காணாத காசு, 2022இல் டொலர் 200இலிருந்து 360க்கு மேலே போனபோது அந்தச் சேமிப்பு பாதியாகிவிட்டதே என்று. உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கையில் வாங்கிய சம்பளமும் அதே ரூபாய்தானே. கொழும்பே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஐ.ரி துறையில் இருப்பவர்களுக்கு அங்கே படிக்கிற வேலை இங்கே கிடைக்காமல் இருக்கலாம், அதற்கும் ஒரு பெறுமதி போட்டுப் பாருங்கள். நான் செய்த கணக்கு வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நான் விட்ட அந்த யாழ்ப்பாண வேலைக்கு என்னோடு படித்த ஒரு பெடியன் சேர்ந்தான். இன்றும் அங்கேதான் இருக்கிறான். பத்து வருடம் பங்களிப்புச் செய்து, கணக்கில் 300,000க்குக் குறையாமல் இருந்தால் வீட்டுத் தேவைக்கு ஈ.பி.எஃப்பில் 30 சதவீதம் வரை எடுக்கலாம். போன வருடம் அவனும் நானும் ஒரே கிழமையில் விண்ணப்பித்தோம். அவன் அந்தக் காசில் வீட்டுக் கூரையை முழுக்க மாற்றினான். எனக்கு வந்தது குசினிப் பக்கத்துக்கு மட்டும் காணும்.

இரண்டு கடிதத்திலும் பேசிக் எவ்வளவு, எது படி, காப்புறுதியில் யார் யார் அடங்குவார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். கடிதத்தில் இல்லாவிட்டால் அவர்களிடமே மின்னஞ்சலில் கேளுங்கள், வாயால் சொல்வதை எடுக்காதீர்கள். விவரம் வந்ததும் இருந்து கணக்குப் போட்டுத் தருகிறேன். ஓம் சொல்லக் கடைசித் திகதி எப்போது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.