படிக்கட்டு நிலத்துக்கு எத்தனை ஹெச்.பி.?

கேள்வி: கொடைக்கானல் மலையில் பூம்பாறையில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர், எல்லாமே படிக்கட்டு நிலம். பூண்டும் உருளைக்கிழங்கும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். கீழ்ப்படிகள் 14 அடி அகலம், கல்கட்டு 5 அடி உயரம். மேலே போகப் போக 8 அடிகூட இல்லை. டிராக்டர் விலை கேட்கப் போனால், "கூடக் கொஞ்சம் போட்டு 39 ஹெச்.பி. எடுத்துடுங்க, லோடும் அடிக்கலாம்" என்கிறார் விற்பனையாளர். 15 ஹெச்.பி. போதும் என்கிறார் மச்சான். யார் பேச்சைக் கேட்பது?
– பூம்பாறை வாசகர்

பதில்: ரெண்டு பேர் பேச்சும் வேண்டாம். டேப்பை எடுத்துக்கொண்டு கீழ்ப்படியில் போய் நில்லுங்கள். கல்கட்டு எவ்வளவு உயரமோ, அவ்வளவு தூரம் விளிம்பை விட்டு உள்ளே தள்ளித்தான் வெளிச்சக்கரம் ஓட வேண்டும். மழையில் ஊறிய மண் வண்டிப் பாரத்தில் சரிவது அந்த இடைவெளியில்தான். பதினாலில் ஐந்து போனால் மிச்சம் 9 அடி. 39 ஹெச்.பி. வண்டி 1,700 கிலோவுக்குக் குறையாது. அகலமே ஐந்தரை அடி. ஒரு தடவை போகலாம். திரும்பி வர எங்கே இடம்? நாலு சக்கர இழுவை உள்ள 24 ஹெச்.பி. மினி டிராக்டர் 600 முதல் 900 கிலோதான். மண்ணைக் கிளறும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டரோடு நாலடிக்குள் அடங்கிவிடும். போக ஒன்று, வர ஒன்று என்று கணக்கு சரியாக வரும்.

அப்படியானால் 15 இன்னும் நல்லதுதானே என்பார் மச்சான். சமவெளியாக இருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். உங்கள் ஊர் 6,000 அடிக்கு மேலே. அங்கே காற்று லேசு. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின் 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும் என்பது பட்டறைக் கணக்கு. 15 என்று வாங்கியது அங்கே 12 போலத்தான் இழுக்கும். உருளைக்கிழங்கு எடுத்த மண்ணை ஆழமாகக் கிளறும்போது புகை தள்ளிக்கொண்டு நின்றுவிடும். 24 வாங்கினால் இருபதையொட்டியாவது கையில் நிற்கும். விலைப்பட்டியலில் போட்டிருப்பது இன்ஜின் சக்தி. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. சக்தி, அதாவது வண்டியின் பின்னால் கருவியை மாட்டும் தண்டுக்கு வந்து சேரும் சக்தி. அது இன்ஜின் சக்தியைவிடக் குறைவு. அதையும் கேட்டு வாங்குங்கள்.

எட்டடிப் படிகளுக்கு எந்த டிராக்டரும் ஆகாது. அங்கேயும், கீழ்ப்படிகளில் விட்டுவைத்த விளிம்பிலும் பவர் வீடர்தான், பின்னால் நடந்தே ஓட்டுகிற சின்ன இயந்திரம். இரண்டரை ஏக்கருக்கு இரண்டு இயந்திரமா என்று யோசிப்பீர்கள், நியாயம்தான். பக்கத்துத் தோட்டங்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிற எண்ணம் இல்லையென்றால், என்னைக் கேட்டால் வீடரை மட்டும் சொந்தமாக வாங்கி, டிராக்டரை வாடகைக்கு எடுப்பதே லாபம்.

வாங்குவதென்றே முடிவானால் முன்பணம் கொடுக்காதீர்கள். முதலில் தமிழக அரசின் உழவன் செயலியிலோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ மானியத்துக்கு விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகு வண்டி எடுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு உச்சவரம்புக்கு உட்பட்டு 50 சதவீதம் வரை உண்டு.

லோடு விஷயம்: மூட்டை ஏற்றிய டிரெய்லரை மினி டிராக்டரில் மாட்டி மலை இறக்கத்தில் விட்டால், டிரெய்லர்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். மூட்டைக்கு ஜீப்பைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, டிராக்டரில் பிரேக் மிதி இரண்டு இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. நடுவில் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் ஒரு சின்னக் கொக்கி. நிலத்தில் சட்டென்று திருப்ப அதைக் கழற்றிவிடுவார்கள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கும் முன் அதை மாட்டியாக வேண்டும். மாட்டாமல் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் வண்டி அந்தப் பக்கமாகச் சுழலும். வண்டி ஓட்டப்போவது உங்கள் பையன் என்றால் இதை முதல் நாளே காட்டிக் கொடுங்கள்.